பேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன்

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வரன் கூடி வருகிறதென்றால், தரகர் பேச்சில் ஒரு தடவையாவது இந்தச் சொலவடை வந்துவிடும்: "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கண்ணாலத்தப் பண்ணி வையின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!" மாப்பிள்ளை வீட்டில் நாலு தறி ஓடுகிறது என்று சொல்லியிருப்பார். போய்ப் பார்த்தால் ரெண்டு தறி, அதுவும் வாடகைக் கொட்டகையில். பெண் வீட்டார் முறைக்கும்போது தரகருக்குக் கைகொடுப்பது அந்த ஒரு வரிதான். முறைத்தவர்களும் சிரித்துவிடுவார்கள். பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும்.

இதே பழமொழிக்கு இப்போது 'உண்மைப் பொருள்' ஒன்று உலா வருகிறது. முன்னோர் பொய் சொல்லச் சொல்வார்களா? 'ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி' என்பதுதான் 'ஆயிரம் பொய் சொல்லி' என்று திரிந்துவிட்டதாம். ஊர் உறவுக்கெல்லாம் நேரில் போய் அழைப்பு வைத்துக் கல்யாணம் செய்ய வேண்டும் என்பதே கருத்தாம். வாட்ஸப்பில் வருகிறது, வார இதழ்களின் துணுக்குகளில் வருகிறது, பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்குகிறது, பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் வாயிலும் வருகிறது.

இது தனி ஒரு பழமொழிக்கு நேர்ந்ததில்லை. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' ஆகிவிட்டது. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை'. கழு என்பது ஒருவகைக் கோரையாம், அதில் பாய் தைத்துப் படுத்தால் கற்பூரம் மணக்குமாம். மண்குதிரை 'மண் குதிர்' ஆயிற்று. நல்ல மாட்டுக்குப் போட்ட சூடு 'சுவடு' ஆயிற்று. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்ற சமையல்கட்டுப் பேச்சு, சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்ற ஆன்மிகச் செய்தி ஆயிற்று.

இந்தத் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. பழமொழிகள் ஆதியில் ஞானிகள் அருளியவை. எழுத்தறியாத சனங்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கு வந்தபடி சொல்லிச் சொல்லிச் சிதைத்துவிட்டார்கள். படித்தவர்கள் நாம்தான் அவற்றைத் துலக்கி மீட்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்ப்பற்று மாதிரியும் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தால் இதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

முதல் சோதனைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனால் போதும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நெசவு ஊர்களில் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் ஏராளம். கன்னடத்தில் இந்தக் கல்யாணப் பழமொழி 'சாவிர சுள்ளு ஹேளி ஒந்து மதுவெ மாடு' என்று வழங்குகிறது. சாவிரம் என்றால் ஆயிரம். சுள்ளு என்றால் பொய். தெலுங்கில் 'வெய்யி அபத்தாலு ஆடைனா ஒக பெள்ளி செய்யாலி' என்கிறார்கள். அபத்தம் என்றால் அங்கே பொய்தான். பொய், போய் என்ற ஒலி ஒற்றுமை இந்த மூன்று மொழிகளில் தமிழில் மட்டுமே உண்டு. கன்னடத்துச் சுள்ளையும் தெலுங்கு அபத்தத்தையும் எந்தப் 'போய்' திரிந்து பெற்றெடுத்தது? மூன்று மொழிக்காரர்களும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி சிதைத்தார்களா?

கழுதைக்கும் இதே கதைதான். கன்னடக் கழுதைக்குக் கஸ்தூரி மணம் தெரியாது: 'கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள'. தெலுங்குக் கழுதைக்குச் சந்தன வாசனை தெரியாது. இந்திக்காரர்கள் கழுதையை விட்டுக் குரங்கைப் பிடித்துக்கொண்டு, அதற்கு இஞ்சிச் சுவை தெரியுமா என்று கேட்கிறார்கள். தமிழிலேயே 'கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை' என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. அதில் தைப்பதற்குக் கழுவும் இல்லை, பாயும் இல்லை. அருமை தெரியாதவனிடம் அருமையான பொருள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மிருகத்தை வைத்துச் சொல்வது இந்த நிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான பேச்சு. அதில் தமிழ்க் கழுதையை மட்டும் கோரைப்புல் ஆக்குவதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது.

இரண்டாவது சோதனை அச்சேறிய பழைய தொகுப்புகள். யாழ்ப்பாணத்தில் மதப்பணி செய்தவர் பீட்டர் பெர்சிவல். ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். 1842இல் ஒரு பழமொழித் தொகுப்பை வெளியிட்ட அவர், பிறகு சென்னைக்கு வந்து 1874இல் அதை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு விரிவாக்கினார். 1894இல் ஜான் லாசரஸ் பழமொழிகளுக்கென்றே ஓர் அகராதி போட்டார். 1897இல் டென்மார்க்கிலிருந்து வந்த பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டில் கி.வா.ஜகந்நாதன் பல தொகுதிகளாகத் தொகுத்தார். மக்கள் வாயில் கேட்டதை, கேட்டபடி எழுதிவைத்த வேலை இது. பெர்சிவலிடம் வைத்தியர் பழமொழி 'பேரை' என்றுதான் இருக்கிறது. ஆயிரம் ஆட்களைக் கொன்றவன் பாதி டாக்டர் என்றே அவர் ஆங்கிலத்திலும் பெயர்த்திருக்கிறார்.

சரி, வெள்ளைக்காரருக்குக் காது சரியில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கேலி தமிழுக்கு மட்டும் உரியதா? முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த பிளினி, வைத்தியர்கள் நம் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் கற்கிறார்கள், ஆளைக் கொன்றாலும் தண்டனை இல்லாத ஒரே தொழில் அவர்களுடையது என்று தன் இயற்கை வரலாற்று நூலில் புகைந்து தள்ளியிருக்கிறார். அங்கே வேருக்கு வேலை இல்லை. வைத்தியரிடம் போய்த் திரும்பாதவர்களின் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அவர்களுடைய கசப்பு எல்லா மொழியிலும் ஏறியது.

சொல்லின் சேர்க்கையும் ஒரு சாட்சி. தமிழில் வேரை யாரும் 'கொல்வதில்லை'. தோண்டுவார்கள், பறிப்பார்கள், பிடுங்குவார்கள், இடிப்பார்கள், அரைப்பார்கள். சித்த மருத்துவத்தில் கொல்லுதல் என்றொரு சொல் உண்டுதான். அது உலோகத்துக்கும் பாடாணத்துக்கும் உரியது. கொல்லிமலையில் வேர் தோண்டுகிறவரிடம் "எத்தனை வேரைக் கொன்றீர்கள்?" என்று கேட்டால் அவர் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். குதிரும் அப்படியே. குதிர் என்றால் தானியம் கொட்டி வைக்கும் கூடு என்பது 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொல்லிச் சிரிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதை ஆற்றுக்கு நடுவே மணல்மேடாகக் கொண்டுபோய் வைத்தால்தான் புது விளக்கம் நிற்கும். மண்குதிரையில் ஏறி எவனாவது ஆற்றில் இறங்குவானா என்று கேட்கிறார்கள். இறங்கமாட்டான், அதனால்தான் அது பழமொழி! அய்யனார் கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் மண்குதிரையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, பார்வைக்குக் கம்பீரமாக இருந்து ஆற்றைக் கடக்க உதவாத துணை எப்படிப்பட்டது என்பது ஒரு நொடியில் விளங்கும்.

மாட்டுப் பழமொழியை அதன் முழு வடிவத்தில் பார்க்க வேண்டும்: 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனுசனுக்கு ஒரு சொல்.' மாட்டுக்குக் கண்ட நோய்க்கும் சூடு வைப்பது பழைய கிராமத்து வைத்தியம். ஒரு சூட்டில் திருந்துகிற மாடும் ஒரு சொல்லில் திருந்துகிற மனிதனும் இந்தப் பழமொழியில் ஜோடியாக நிற்கிறார்கள். சூடு, சொல் என்று முதலெழுத்து இனமாகவும் ஒலிக்கிறது. 'சுவடு' என்று மாற்றியதும் ஜோடி உடைகிறது. அந்தச் 'சொல்' எதற்கு வந்தது என்றே தெரியாமல் அந்தரத்தில் தொங்குகிறது. மாட்டின் காலடித் தடத்தை வைத்தே நல்ல மாட்டைக் கண்டுபிடித்தார்களாம்! நாமக்கல் மாவட்டத்தில் புதன்சந்தை மாட்டுச் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாம். வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தரையைக் குனிந்து பார்த்து விலை பேசுகிறவர் அங்கே கிடையாது.

பாமரர் வாயில் பழமொழி சிதைகிறது என்பது எவ்வளவு பெரிய அவதூறு என்பதற்குப் பழமொழி நானூறே சாட்சி. முன்றுறை அரையனார் பாடிய அந்த நூல் பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. ஆயிரம் ஆண்டுக்கும் மிகப் பழையது. அக்காலத்தில் சனங்கள் வழங்கிய பழமொழி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வெண்பாவின் கடைசியில் வைத்துக் கட்டியிருக்கிறார். பாம்பின் கால் பாம்புக்குத்தான் தெரியும் என்பது அதில் இருக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது இருக்கிறது. நாய்க்குக் கிடைத்த தேங்காய் இருக்கிறது. தன் வாயாலேயே கெடுகிற தவளையும் இருக்கிறது; நுணல் என்ற பழைய பெயர் மட்டும் பேச்சிலிருந்து உதிர்ந்து, தவளை என்ற பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கருத்து இம்மியும் நகரவில்லை. இத்தனை நூற்றாண்டு பாம்பின் காலைப் பத்திரமாகச் சுமந்து வந்த அதே வாய், பொய்க்கும் போய்க்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்பிவிட்டது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

திருத்துகிறவர்களின் கைவித்தை ஒன்றேதான்: எழுத்தைப் பிரி, அல்லது ஓர் எழுத்தை மாற்று, அகராதியின் மூலையில் கிடக்கிற ஒரு பொருளைத் தேடி எடு, உபதேசமாக முடி. இந்த வித்தையால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். 'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்பதை எடுத்துக்கொள்வோம். நூல் என்றால் சாத்திரம். சேலை என்பது சேலையன்று, 'சேல் ஐ': மீன் போன்ற கண்ணுடையவளின் அழகு. தாய் என்பது 'தை' என்பதன் திரிபு. பிள்ளை என்பது தென்னம்பிள்ளை. ஆக, சாத்திரம் கற்ற பெண்ணே அழகி, தை மாதத்தில் நட்ட தென்னையே செழிக்கும் என்பதே நம் முன்னோர் சொன்ன உண்மைப் பொருள்! இந்த விளக்கம் இந்தப் பத்திக்காக இப்போது புனையப்பட்டது. ஆனாலும் கீழே ஒரு தாமரைப் படம் போட்டு அனுப்பிவைத்தால் ஊர் சுற்றி வரும் தகுதி இதற்கு முழுதாக உண்டு.

வெண்ணந்தூரில் ஒரு தறிக்கொட்டகைக்குள் போனால் அதே பழமொழி வேறு மாதிரி பேசும். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும் நாளில், தறிக்குப் பின்னால் உட்கார்ந்து இழைக்கு இழை பிணைத்துக்கொண்டிருப்பார்கள். விரல் நுனியில் கொஞ்சம் சாம்பல் தொட்டு, பழைய இழையின் முனையையும் புது இழையின் முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் அப்படியே. அந்த விரல்களுக்கு நூலின் குணம் கண்ணைவிட நன்றாகத் தெரியும். நூலுக்கு 'நம்பர்' உண்டு. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதே அந்த எண். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூலை ஏற்றிவிட்டு எண்பதாம் நம்பர் சேலையின் வழுவழுப்பை எதிர்பார்க்க முடியாது. எந்தக் கைகாரராலும் முடியாது. நூல் எப்படியோ சேலை அப்படி. இதற்குமேல் அந்தப் பழமொழிக்குள் ஒளிந்திருக்கும் பொருள் என்று ஒன்று கிடையாது. 'நெய்கிறவனுக்கு எதுக்குக் குரங்குக்குட்டி' என்ற இன்னொரு பழமொழிக்கும் அங்கே உரை வேண்டாம். பாவு விரித்த இடத்தில் குரங்குக்குட்டி புகுந்தால் என்ன கதி என்பது தறிக்காரர் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

பழைய சொல் மறந்து போவதே இல்லையா என்றால், போகிறது. 'தறிகெட்டு ஓடுகிறான்' என்று வெண்ணந்தூரில் ஒருவர் சொன்னால் கேட்கிற பிள்ளைக்கு நெசவுத்தறிதான் கண்முன் வரும். அந்தத் தொடரில் இருப்பது வேறு தறி. மாட்டையும் யானையையும் கட்டிவைக்கும் முளைக்கும் தறி என்றே பெயர். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்கிறோமே, அந்தத் தறி. முளையைவிட்டு அறுத்துக்கொண்டு ஓடுகிற மாடு போல ஓடுகிறான் என்பது கருத்து. இதுவும் ஒரு விளக்கம்தான். ஆனால் இதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் சான்று இருக்கிறது, கட்டுத்தறி என்ற வழக்குச் சொல் இருக்கிறது, தொடரின் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இன்றைக்கு ஊர் அந்தத் தொடரை எந்தப் பொருளில் சொல்கிறதோ அதோடு விளக்கம் மோதவும் இல்லை. புதுத் திருத்தங்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை.

பிறகு ஏன் இவை இவ்வளவு பரவுகின்றன? முதல் காரணம் கூச்சம். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று பிரம்பை ஓங்கிக்கொண்டே சொன்ன வாத்தியார்களிடம் படித்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த அடி இறைவனின் திருவடி என்று இன்றைக்குச் சொல்வது, முதுகில் வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குச் சமம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. பழமொழிக்குப் புது உரை எழுதிப் பார்க்கவில்லை. அதுதான் நேர்மையான வழி. 'பெண் புத்தி பின் புத்தி' என்பதற்குப் பின்னால் வருவதை முன்னமே அறியும் புத்தி என்று சாயம் பூசுவதும் இதே வகை. எத்தனையோ பெண்களின் வாயை அடைக்கப் பயன்பட்ட தொடர் அது. பழமொழி சொல்வது தப்பு என்று சொல்வது ஒரு பேச்சு. பழமொழி அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிப்பது வேறு பேச்சு. அது நடந்த அநியாயத்தை நடக்காததாக்குகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பழமொழியை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். வேதம் தப்புச் சொல்லக்கூடாதே! அதனால் திருத்த வேண்டியிருக்கிறது. இதே பிழையை எதிர்ப்பக்கமிருந்து செய்தவர் ஆங்கில அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி. 1908இல் வெளியிட்ட இந்திய மக்கள் பற்றிய நூலில் சாதிப் பழமொழிகளுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஒரு சாதி இன்னொரு சாதியைக் குத்திக் காட்டச் சொன்ன வசவுகளெல்லாம் மக்களின் குணத்துக்குச் சான்றாக அங்கே ஏறிக்கொண்டன. பழமொழி ஒரு வாக்குவாதத்தில் யார் வாயிலிருந்து, யாரைப் பார்த்து வந்தது என்பதை அவரும் கேட்கவில்லை, இவர்களும் கேட்பதில்லை.

தொல்காப்பியர் இதில் தெளிவாக இருந்தார். செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது நுட்பம், சுருக்கம், தெளிவு, எளிமை ஆகியவற்றைச் சொல்லி, பேசுகிறவர் குறித்த கருத்தை முடித்துக்கொடுக்க வருவது என்கிறார். அதாவது பேச்சு முதலில், பழமொழி அதற்குத் துணைக்கு. அதனால்தான் ஒன்றையொன்று அடிக்கிற பழமொழிகளை ஊர் ஒரே வாயில் வைத்திருக்கிறது. அவசரப்படுகிறவனிடம் 'பதறாத காரியம் சிதறாது'. இழுத்தடிக்கிறவனிடம் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி'. இதில் எது முன்னோர் கருத்து? இரண்டும்தான், எதிரில் நிற்பவன் யார் என்பதைப் பொறுத்தது. கல்யாணத் தரகர் பொய்யை அறமாக்கவில்லை. மாட்டிக்கொண்ட நேரத்தில் சிரிக்கவைத்துத் தப்பிக்கிறார். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு அங்கே அழைப்பிதழ் கொடுக்கும் முறையைப் பற்றிய அறிவுரையை வைத்தால், தரகருக்கும் பயனில்லை, தமிழுக்கும் பயனில்லை.

கெடுதல் வெறும் விளக்கத்தோடு நிற்பதில்லை. பள்ளிப் பிள்ளை பாட்டியின் வாயில் கேட்டதை வகுப்பில் சொன்னால், அது கொச்சை, தப்பு, சரியானது இது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளை பாட்டியைத் திருத்துகிறது. பாட்டி அடுத்த முறை வாயைத் திறக்கும் முன் யோசிக்கிறாள். சொலவடைகள் சாவது இப்படித்தான்.

செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. இந்த மண்ணின் பேச்சைப் பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியாகத் தொகுத்துக் காட்டினார். மொழி அறக்கட்டளை 1997இல் தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதியைக் கொண்டுவந்தது. மரபுத்தொடர்கள் இன்று எந்தப் பொருளில், எந்த இடத்தில் வழங்குகின்றன என்று பார்த்து எழுதிய வேலை அது. வெண்ணந்தூரிலும் ராசிபுரத்திலும் அலவாய்மலை அடிவாரத்து ஊர்களிலும் இன்னும் எழுதப்படாத தறிப்பேச்சும் சந்தைப்பேச்சும் எவ்வளவோ கிடக்கின்றன. தமிழாசிரியர்கள் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்காமல், 'இதை எப்பச் சொல்லுவீங்க, யாரைப் பார்த்துச் சொல்லுவீங்க' என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம். ஓர் ஆண்டில் ஒரு நல்ல புத்தகம் சேரும்.

அதுவரைக்கும் வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'இந்தப் பழமொழியின் உண்மைப் பொருள் தெரியுமா?' என்று அடுத்த முறை கைப்பேசியில் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பழைய தொகுப்பில் இந்த வடிவம் இருக்கிறதா? பக்கத்து மொழிகளில் இது எப்படி வழங்குகிறது? ஊரில் இதை எந்த நேரத்தில் சொல்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.